மகன் உள்ளார், ஆதரவு இல்லை

அக்கா,

"புள்ள இருந்தும் ஒண்டியா கீறவளுக்குத் தமிழ்ல இன்னா பேரு, டீச்சரம்மா?" என்று ஒரு நாள் என்னைக் கேட்டீர்கள். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். கணவனை இழந்தவளுக்கு ஒரு சொல் உண்டு. பெற்றோரை இழந்த பிள்ளைக்கு ஒரு சொல் உண்டு. பிள்ளை பெறாதவளைக் குத்திக்காட்டக்கூட ஒரு சொல்லைச் செய்து வைத்திருக்கிறோம். நீங்கள் கேட்டதற்கு மட்டும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. அன்றைக்கு உங்கள் மேல் கோபமாக இருந்ததால், தெரியாது என்றுகூடச் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இன்று காலை அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தது ஸ்டாம்ப் பேடின் வாசனை. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு அம்மாள் முதியோர் உதவித்தொகைக்கு மனு எழுத வந்திருந்தார். தகர டப்பாவின் மூடியைத் திறந்ததும் அந்த ஊதா மையின் வாடை, ஈரத்துணியும் மருந்தும் கலந்தாற்போல, மேஜையைச் சுற்றி எழுந்தது. அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் உருட்டினேன். நான் பிடித்துக்கொண்டிருந்தது அவர் விரலை. நினைவுக்கு வந்தது உங்கள் விரல். நகத்தோரமெல்லாம் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போய், மை பட்ட பிறகும் காகிதத்தின் மேல் இறங்காமல் நின்றுவிட்ட அந்த விரல்.

படிக்கத் தெரியாத உங்களுக்குக் கடிதம் எழுதுவது வேடிக்கைதான். இருக்கட்டும். பேசுவதற்கு உங்களைத் தவிர ஆள் இல்லாத விஷயம் இது.

நமக்குள் பழக்கம் ரயிலில்தான். நான் தாம்பரத்தில் ஏறி சைதாப்பேட்டையில் இறங்குவேன். பெண்கள் பெட்டியில் குரோம்பேட்டை தாண்டும்போது உங்கள் குரல் கேட்கும். "ஊக்கு, ஹேர்பின், ரப்பர் பேண்டேய்!" ஒரு பெரிய கம்பி வளையத்தில் அட்டை அட்டையாகக் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த நெரிசலில் ஒருவர் காலையும் மிதிக்காமல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்வருவீர்கள். எங்கள் எல்லோருக்கும் நீங்கள் 'ஊக்கு அக்கா'. உங்கள் சொந்தப் பெயரை நான் முதன்முதலில் கேட்டது மனுவில் எழுதுவதற்காக. அதற்குள் இருபத்தாறு வருஷம் ஓடியிருந்தது.

நீங்கள் யாரையும் 'வாங்கிக்கோ' என்று சொல்லி நான் கேட்டதில்லை. கேள்விதான் கேட்பீர்கள். "இன்னா கண்ணு, மூஞ்சி வாடிக்கீது?" "ஒம் மாமியா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்துட்டாளா?" "அந்த மாப்ள வூட்ல இன்னா சொன்னாங்க?" பதில் வரும். அந்தப் பதில் அடுத்த பெஞ்சில் வேறொருத்திக்கு உதவும். எந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை கண் டாக்டர் வருவார், எந்தப் பள்ளிக்கூடத்தில் இன்னும் இடம் இருக்கிறது, எல்லாம் உங்களிடம் இருந்தது. ஊக்கு எப்படியோ தானாக விற்றுவிடும். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் கைப்பிடிக் கம்பியில் மாட்டி என் புடவை முந்தானை கிழிந்தபோது, பல்லாவரம் வருவதற்குள் நாலு ஊக்கு குத்தி மடிப்புக்குள் கிழிசலை மறைத்துவிட்டீர்கள். "ஆபீசரு வர்ற நாளா பாத்து கியிச்சிக்கினு வந்துக்கீறியே, ஒனக்கு யாரு டீச்சர் வேலை குட்த்தது?" என்றீர்கள். பெட்டியே சிரித்தது. நானும்தான்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ரயிலும் விட்டுப்போயிற்று, நீங்களும் விட்டுப்போனீர்கள். திரும்ப உங்களைப் பார்த்தது, மீட்டர் கேஜ் வண்டிகளை நிறுத்திப் பெரிய வண்டிகள் மட்டுமே ஓடத் தொடங்கியிருந்த சமயத்தில். தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படிக்கட்டுக்குக் கீழே, ஒரு துண்டில் ஊக்கு அட்டைகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தீர்கள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. உட்கார்ந்த நிலையில் உங்களை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"இங்க என்னக்கா?"

"ரயிலு வளந்துடுச்சி டீச்சரம்மா, நா வளரல" என்றீர்கள். புது வண்டியின் படி உயரம் என்றும், முட்டி மடங்கவில்லை என்றும், ஒரு தடவை கால் நழுவி யாரோ தூக்கிவிட்டார்கள் என்றும் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த மூணாவது படில கண்ணு தெரியாத ஒருத்தி கை நீட்டிக்கினு குந்தினு இருப்பா பாரு, போன வாரம் பூட்டா. எடம் காலியா கீது. மத்ததுங்க என்னிய பாத்து வா, குந்துன்னுதுங்க. எக்ஸ்பிரஸ் வண்டில துண்டு போட்ட மாதிரி எனக்கு எடம் புடிச்சி வச்சிக்கினு கீறாங்க!"

இதற்கும் சிரித்தீர்கள். எனக்கு வரவில்லை. துண்டில் கிடந்த அட்டைகளைப் பார்த்தேன். ரயிலுக்கு ஓடுகிறவர்கள் யாரும் கீழே குனிந்து ஊக்கு வாங்கமாட்டார்கள் என்பது பார்த்ததுமே தெரிந்தது. இரும்புலியூரில் உங்கள் ஒற்றை அறைக்கு வாடகை கேட்டு ஆள் வந்து போனதையும் சொன்னீர்கள். கடைசியில், "கை நீட்டாம செத்துரணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றீர்கள். அதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு இல்லை.

"அரசாங்கத்தில் முதியோர் உதவித்தொகை இருக்கு அக்கா. மாசாமாசம் வீடு தேடி மணியார்டர் வரும்."

"அனாதைப் பணமா? அது அனாதைங்களுக்குதான? எனக்குதான் புள்ள கீறானே."

"தெருவில அப்படிச் சொல்றாங்க. வயசானவங்க எல்லாருக்கும் உண்டு" என்றேன், விதிகள் எதையும் படிக்காமலேயே. தெரியாத விடையைத் தெரிந்த மாதிரிச் சொல்வது வாத்தியார்களின் வியாதி.

மறுநாள் தாலுகா ஆபீசுக்குப் போனோம். சுவரில் எழுதியிருந்த தகுதிகளை நான் உரக்கப் படித்தேன். வயது அறுபத்தைந்து நிறைந்திருக்க வேண்டும். சொத்து இருக்கக் கூடாது. வருமானம் இருக்கக் கூடாது. ஆதரவற்றவராக இருக்க வேண்டும். கடைசி வரியை நான் வேகமாகப் படித்துவிட்டு நகர்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. முதல் வரியே நம்மைப் பிடித்து நிறுத்திவிட்டது. உங்கள் ரேஷன் கார்டைக் கணக்குப் பார்த்தால் உங்களுக்கு ஐம்பத்து நாலு வயதுதான்.

"யாரு அக்கா இப்படித் தப்பா எழுதினது?"

"யாரும் எய்தல, நாந்தான் சொன்னேன். கார்டு போட வந்தவன் வயசு இன்னான்னான். பக்கத்து வூட்டுக்காரி நின்னுகினு இருந்தா. அவ நாப்பதுன்னா. நா இன்னா அவளவிட கெயவியா? முப்பத்தெட்டுன்னுட்டேன்."

அந்த ஒரு வாய்ச்சொல் பதினாறு வருஷம் கழித்து உங்கள் வழியில் வந்து நின்றது. எல்லோரும் குறைப்பதற்கு அலைகிற வயதைக் கூட்டுவதற்காக நாம் அரசு ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். அங்கிருந்த டாக்டர் பொறுமைசாலி. பல்லைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "சின்ன வயசுல நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்றார். "சண்ட வருது, குண்டு போடப் போறான்னு பட்டணமே காலி பண்ணி ஓடிச்சாமே, அப்ப நா எங்கம்மா இடுப்புல குந்தினு போனேன் சார். நடக்கத் தெரியும், ஆனா நடக்க மாட்டேன்னு அழுதேனாம்" என்றீர்கள். பட்டணம் காலியானது நாற்பத்திரண்டில் என்று டாக்டர் ஒரு காகிதத்தில் கழித்துப் பார்த்து, அறுபத்தைந்து நிறைந்திருக்கும் என்று சான்று எழுதினார். தேதி சொல்லாமல், எண் சொல்லாமல், அம்மாவின் இடுப்பை வைத்து ஒரு மனுஷி தன் வயதை நிறுவியதை நான் அன்றுதான் பார்த்தேன். வரலாற்று ஆசிரியையிடம் சொன்னால் நம்பியிருக்க மாட்டாள்.

இனி மனு ஒன்றுதான் பாக்கி என்று நினைத்தேன். ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு மனு எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். விவரம் கேட்டவர், "மகன் இருக்கார்னு போட்டா தள்ளிடுவாங்கம்மா. யாரும் இல்லைன்னு போட்டுடுங்க. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்று என்னிடம் மட்டும் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து, மார்ஜின் விட்டு, முத்து முத்தாக எழுதினேன். 'எனக்குக் கணவர் இல்லை. மகன் இல்லை. நான் ஆதரவற்ற அநாதை.'

எங்கள் சாப்பாட்டு மேஜை எதிரே உட்கார்ந்திருந்தீர்கள். மையைத் தடவி, விரலை நான் தாளின் மேல் கொண்டுபோகும்போது, "இன்னா எய்திக்கீற?" என்றீர்கள். படித்தேன். உங்கள் கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டீர்கள். மை விரலை உள்ளே வைத்து முஷ்டியை மூடிக்கொண்டீர்கள்.

உங்கள் மகனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு டெலிபோன் அழைப்புதான். டைல்ஸ் ஒட்டும் வேலைக்காக ஒரு மேஸ்திரியோடு பம்பாய்ப் பக்கம் போனவன். போய்ப் பதினாலு வருஷம். வருஷத்துக்கு ஒரு தடவை, தீபாவளியன்று மாலை, உங்கள் சந்து முனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் பாய் கடைக்குப் போன் பண்ணுவான். "சாப்ட்டியாம்மா?" என்று கேட்பான். நீங்கள் "சாப்ட்டேன்டா" என்பீர்கள்.

"அவன் இல்லைன்னு எழுதினா இல்லாமப் போயிடுவானா அக்கா? இது வெறும் காகிதம்."

"வெறும் காய்தம்னா அதுக்கு எதுக்கு எம் வெரலு?"

"நல்லதுக்குத்தானே ஒரு பொய்..."

"எனக்கு இன்னா, பொய் சொல்லத் தெரியாதா? துருப்புடிச்ச ஊக்க புதுசுன்னு வித்துக்கீறேன். வயச கொறச்சிக்கீறேன், நீயே பாத்த. இது வேற டீச்சரம்மா."

"அப்ப பணம் வேண்டாமா? அந்த மூணாவது படியில போய் உட்காரப் போறீங்களா?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். நீங்கள் கோபப்படவில்லை. "பணம் வேணும். படிலயும் குந்த மாட்டேன். அவன் இல்லன்னும் சொல்ல மாட்டேன்" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொன்னீர்கள். அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி. புள்ள இருந்தும் ஒண்டியா கீறவளுக்கு இன்னா பேரு. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கையை மூடியபடியே எழுந்து போனீர்கள்.

அன்று மாலை முழுக்க எனக்குள் எரிச்சல். இவ்வளவு அலைந்து, கடைசிப் படியில் இந்தப் பிடிவாதமா என்று. எரிச்சல் அடங்கிய பிறகு வேறொன்று உறுத்தியது. ஒரு பொருள் தரும் பல சொற்கள் என்று வகுப்பில் பட்டியல் கொடுப்பேன். 'அநாதை, ஆதரவற்றவர்' என்று ஒரே வரியில் சொல்லி எழுதவைத்திருக்கிறேன், வருஷா வருஷம். எழுதிய பிள்ளைகளுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். குடை இல்லாதவனும் குடை இருந்து அது விரியாதவனும் மழையில் ஒரே மாதிரிதான் நனைவார்கள். அதற்காக இரண்டாமவனைக் குடையே இல்லாதவன் என்று எழுதினால் சரியாகுமா? இந்த உதாரணம் எனக்குத் தோன்றுவதற்கு மூன்று வாரம் ஆயிற்று.

மன்னிப்புக் கேட்கலாம் என்று உங்கள் வீட்டுக்கு வந்தேன். கதவு பூட்டியிருந்தது. அந்த மூணாவது படி ஞாபகத்துக்கு வந்தது. பூத்திலிருந்து பாய் எட்டிப் பார்த்தார்.

"வாங்க டீச்சர். அக்கா தாலுகா ஆபீஸ்ல இருக்காங்க. மூணு வாரமா தினமும் போறாங்க. பத்து மணிக்கு டாண்ணு கிளம்பிடறாங்க. கவர்மெண்ட் உத்தியோகம் கிடைச்சிடுச்சான்னு கேட்டேன், 'ஆமா, மதியம் சோறு இல்லாத உத்தியோகம்'னாங்க."

ஆபீஸ் வளாகத்தில், மனு கொடுக்கும் ஜன்னலுக்கு எதிரே நிழலில், துண்டு விரித்து உட்கார்ந்திருந்தீர்கள். ஊக்கு அட்டைகள் பேருக்குத்தான். வரிசையில் நின்று கால் வலித்த கிழவர்களும் கிழவிகளும் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் நீங்கள் கேட்டது இரண்டே கேள்வி. "புள்ள கீதா? பணம் வர்தா?"

என்னைப் பார்த்ததும் மன்னிப்புக்கெல்லாம் இடமே கொடுக்கவில்லை. "வா டீச்சரம்மா, குந்து. இந்தப் பெரியவரு காய்தத்தப் படி."

பக்கத்தில் இருந்த பெரியவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவருக்கு உதவித்தொகை வழங்கிய உத்தரவு. அதில் விசாரணைக் குறிப்பு இரண்டு வரி இருந்தது. மகன்கள் இருவர் உள்ளனர். பராமரிப்பு இல்லை.

"மகனுங்க கீறாங்கன்னு எய்திக்கீதா?"

"எழுதியிருக்கு."

"அனாதைன்னு எங்கனா எய்திக்கீதா?"

திரும்பவும் ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தேன். "இல்லை அக்கா."

"நா சொல்லல?"

பெரியவர் பொக்கை வாயால் சிரித்தார். "மூணு நாளா இந்தம்மா என்னிய வுடல மேடம். காய்தத்த எட்த்துக்கினு வா, டீச்சருக்குக் காட்டணும்னு ஒரே பேஜாரு."

அந்த நிழலில் நான் உட்கார்ந்திருந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. சுவரில் இருந்த நாலு வரியை நான் படித்தேன்; வாசலில் ஒருவர் சொன்னதைக் கேட்டேன்; அதோடு எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நீங்கள் பெண்கள் பெட்டியில் செய்ததையே அங்கேயும் செய்தீர்கள். மூன்று வாரம், ஆள் ஆளாக. மகன் இல்லை என்று பொய் எழுதி வாங்கியவர்கள் இருந்தார்கள். உண்மை எழுதித் தள்ளப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்து, உண்மையை எழுதியும் பணம் கிடைத்த ஒரே ஒருவரைத் தேடிப் பிடித்துவிட்டீர்கள். போதாததற்கு, எந்த நாளில் அதிகாரி இருப்பார், மனுவின் நகலில் ஏன் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும், விசாரணைக்கு வரும்போது அக்கம்பக்கத்தில் யார் இருக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். எழுத்துத் தெரியாத ஒருவர் ஒரு சட்டத்தை இப்படிப் படிக்க முடியும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அங்கேயே, என் கைப்பையை மடியில் வைத்து மேஜையாக்கி, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். உங்கள் பேச்சை எழுத்துத் தமிழுக்கு மாற்றினேன், அவ்வளவுதான். 'எனக்கு ஒரே மகன். உயிரோடு இருக்கிறான். வெளியூரில் கூலி வேலை. வருஷத்தில் ஒரு நாள் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்பான். எனக்குச் சாப்பாடு போட அவனால் ஆகவில்லை. எனக்கு வேறு ஆதரவு இல்லை.' படித்துக் காட்டினேன். "இது நான்" என்றீர்கள். நான் பிடித்துவிடாமலே விரல் தானாக இறங்கியது.

விசாரணைக்கு வந்த வருவாய் ஆய்வாளர் இளைஞர். சந்துக்குள் மோட்டார் சைக்கிளை நுழைக்கமுடியாமல் வெயிலில் நடந்து வந்திருந்தார். உங்கள் அறை வாசலில் நின்றபடியே மனுவைப் படித்தார். நெற்றி சுருங்கியது. நான் கதவோரம் நின்றேன். இவர் எழுதப்போகும் ஒரு வரியில்தான் நீங்கள் எங்கே உட்காரப் போகிறீர்கள் என்பது இருந்தது.

"மகன் இருக்கார்னு நீங்களே எழுதியிருக்கீங்களே பாட்டி. நான் மேல அனுப்பினா கேள்வி கேட்பாங்க."

"கேக்கட்டும் சார். கேட்டா நீ சொல்லு."

"நான் என்னத்தைச் சொல்றது?"

"தோ, உள்ள வந்து பாரு. எம் புள்ளயோட ஆதரவு எங்கனா கீதான்னு நீயே தேடு. ஆப்ட்டா எனக்கும் காட்டு, நானும் பாத்துக்கறேன்."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். ஒரு ஸ்டவ், இரண்டு பாத்திரம், ஆணியில் மாட்டிய ஊக்கு வளையம். பார்ப்பதற்கு அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பாயைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"வருஷத்துக்கு ஒரு கால் சார், மூணு நிமிஷம்" என்றார் பாய். "சாப்ட்டியாம்பான். சாப்ட்டேம்பாங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் பேச்சு வராது, மீட்டர் மட்டும் ஓடிட்டிருக்கும். பணம்னு ஒரு தடவைகூட வந்ததில்லை. அனுப்பற நிலைமையில அந்தப் பையனும் இல்லை."

ஆய்வாளர் பேனாவை எடுத்தவர், எழுதாமல் உங்களைப் பார்த்தார். "ஏன் பாட்டி, மகன் இல்லைன்னு போட்டிருந்தா இவ்வளவு சிக்கலே இல்லையே?"

"தீவாளிக்கு அவன் போன் பண்ணுவான் சார். சாப்ட்டியாம்மான்னு கேப்பான். இல்லாதவனுக்கு நா எப்டி பதில் சொல்றது?"

பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இளைஞர் மனுவைச் சுவரில் வைத்து, நின்றபடியே எழுதினார். எழுதியதை நீங்கள் கேட்காமல் விடவில்லை. அவர் படித்தார். "மகன் உள்ளார். ஆதரவு இல்லை. பரிந்துரைக்கப்படுகிறது." முதல் இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் அவர் ஒரு முற்றுப்புள்ளி வைத்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் நான் ஒரே வரியில் சேர்த்து எழுதவைத்ததை அந்தப் புள்ளி பிரித்து வைத்தது.

உத்தரவு உடனே வரவில்லை. மழைக்காலம் வந்தது, இரும்புலியூரில் சந்தெல்லாம் தண்ணீர் நின்றது, வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து சத்தம் போட்டார். பாய் அவரிடம் தவணை கேட்டார். நான் கொண்டுவந்த அரிசியை வாங்குவதற்கு முன்னால், "இது கை நீட்டறதுல சேராதுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினீர்கள். சேராது என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பொங்கல் கழித்து ஒரு நாள், போஸ்ட்மேன் சந்து முனையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"பாட்டி, அனாதைப் பணம் வந்திருக்கு!"

நீங்கள் வெளியே வந்தீர்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு. "இன்னா பணம்?"

"அனாதைப் பணம் பாட்டி. வா, கைநாட்டு வை."

"அந்தப் பேர்ல இங்க யாரும் இல்ல. முதியோர் பணம்னு சொல்லு. இல்லாட்டி திருப்பி எட்த்துக்கினு போ."

இத்தனை மாதம் காத்திருந்த பணம்! எனக்குப் பதறியது. போஸ்ட்மேன் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கைகூப்பினார். "தாயே, முதியோர் பணம் வந்திருக்கு. தயவு பண்ணி வாங்கிக்க." அன்றிலிருந்து அந்தத் தெரு முழுக்க அவர் அப்படித்தான் சொன்னார். உங்களுக்குப் பயந்துதான்.

உத்தரவுத் தாளை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். 'மகன் உள்ளார்' என்ற அந்த ஒரு வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னீர்கள். "ரேசன் கார்டுல அவன் பேர எட்த்துட்டாங்க. ஓட்டு லிஸ்ட்லயும் எட்த்துட்டாங்க. ஊர்ல இல்லன்னு. தோ, இதுல மட்டுந்தான் கீறான்" என்றீர்கள். உதவி கேட்டு நீட்டிய ஒரு தாளில், நீங்கள் உங்கள் மகனையும் திரும்ப வாங்கிக்கொண்டுவிட்டீர்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "இன்னாத்துக்கு அய்ற, பணம் எனக்குதான வந்துக்கீது" என்றீர்கள்.

பிறகு இரண்டு வருஷம். அந்த மூணாவது படியில் வேறு யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நீங்கள் முட்டி வலியோடும் வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ் நிழலுக்குப் போய், யாரையாவது கூட்டிக்கொண்டு என் வாசலில் வந்து நிற்பீர்கள். "இவளுக்கு எய்து. மொதல்ல கேளு, அப்பால எய்து." இந்த வருஷம் மாசியில் காய்ச்சல் வந்து நான்கே நாளில் போய்விட்டீர்கள். அடுத்து வந்த மணியார்டரைப் போஸ்ட்மேன் என்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டு, திருப்பி எடுத்துப் போனார்.

உங்கள் மகனுக்கு இன்னும் தெரியாது. அவன் விலாசம் யாரிடமும் இல்லை; நீங்கள் போன பிறகு தீபாவளி இன்னும் வரவில்லை. இப்போது எல்லோர் கையிலும் செல்போன். பாய் கடையில் யாரும் போன் பேச வருவதில்லை. பூத்தை ரீசார்ஜ் கடையாக மாற்றிவிட்டார். அந்தப் பழைய இணைப்பை மட்டும் இன்னும் வைத்திருக்கிறார். "எடுத்துடலாம்னுதான் இருந்தேன் டீச்சர். தீபாவளி போகட்டும்" என்றார். உத்தரவுத் தாளும் அவரிடம்தான் இருக்கிறது. அவன் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அந்த வரியைப் படித்துக் காட்டினால் போதும் என்று இருவருக்கும் தோன்றுகிறது.

உங்கள் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை அக்கா. என்னிடம் இருப்பது ஒரு பழக்கம்தான், அதுவும் உங்களால் வந்தது. போன மாதம் பெருங்களத்தூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். 'மகளால் கைவிடப்பட்டவர்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். கையைத் தூக்கி நிறுத்தினார். "கைவிடல மேடம். அவளே கஷ்டத்துல இருக்கா. அப்படிப் போடுங்க" என்றார். அடித்துவிட்டு, அவர் சொன்னபடி எழுதினேன். அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து, இந்த வயதிலும் எனக்குப் புல்லரித்தது. மனு என்பது அரசாங்கத்திடம் கேட்பது என்றுதான் நினைத்திருந்தேன். ஒருவர் தன்னைப் பற்றி நாட்டுக்குச் சொல்லும் ஒரே வாக்கியமாகவும் அது இருக்கக்கூடும்.

இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால், அவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு முதியவருக்காக மனு எழுதினால், கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவதற்கு முன்னால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மெதுவாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் கையை இழுத்துக்கொள்கிறாரோ, அந்த இடத்தை மாற்றி எழுதுங்கள்.